ஹீற்றர் பூட்டிய தண்ணீர்த் தட்டு: ஸ்காபரோப் பின்வளவில் பல குளிர்காலப் பாவனைக்குப் பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோப் பக்கம் குளிர்காலக் குருவிகளுக்காக ஒரேயொரு சாமான்தான் வாங்கலாம் என்றால், தீனிக்கூட்டை விட்டுவிட்டு ஹீற்றர் பூட்டிய தண்ணீர்த் தட்டை வாங்குங்கள். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். தட்டை ஒருமுறை வாங்கினால் சில வருசம் கிடக்கும். விதை மூட்டைக்குத்தான் மாதாமாதம் போவீர்கள்.

எங்கள் பின்வளவு பெரிதில்லை. ஒரு மேப்பிள் மரம், வேலியோரம் சீடர் வரிசை, அடுப்படிக் கதவுக்கு வெளியே ஒரு டெக். விதை, கொழுப்பு, கச்சான், தண்ணீர் என்று எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று. விதைக்கு வருவது ஏறக்குறைய ஒரே கூட்டம்தான். தண்ணீர் வைத்த பிறகுதான் விதையே தின்னாத பறவைகள் இறங்கின. றொபின் வசந்தத்தில்தான் வரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். உண்மையில் கொஞ்சம் றொபின்கள் குளிர் முழுக்க இங்கேயே பழம் தின்று சீவிக்கின்றன. அவை தீனிக்கூட்டைத் திரும்பியும் பார்க்காது, தண்ணீருக்கு மட்டும் வரும். சீடர் வாக்ஸ்விங்கும் அப்படித்தான். கூட்டமாக வந்து மேப்பிள் உச்சியில் குந்தி, ஒவ்வொன்றாகத் தட்டின் விளிம்புக்கு இறங்கும். டெக்கில் ஆடாமல் நின்றால் செட்டை நுனியில் அரக்குத் துளி போல இருக்கும் சிவப்புப் பொட்டைக்கூடப் பார்க்கலாம். எந்த விதைக் கூடும் அதை எனக்குக் காட்டியதில்லை.

வெளியெல்லாம் பனி கிடக்கும்போது தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று கேட்கலாம். பறவைகள் பனியையும் தின்னும்தான். ஆனால் ஒரு கிறாம் பனிக்கட்டியை உருக்க மட்டும் 80 கலோரி வெப்பம் வேண்டும். பிறகு அதை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர இன்னும் 40 கலோரி. சிக்கடீக் குருவியின் மொத்த எடையே 11, 12 கிறாம். பகல் முழுக்க விதை பொறுக்கிச் சேர்த்த சூட்டை அது பனி உருக்கச் செலவழிக்க வேண்டியிருக்கிறது.

என்னிடம் இருப்பது டெக் கம்பியில் கொளுவும் வகை, 75 வாற், தெர்மோஸ்ராற் உள்ளேயே இருக்கிறது. தண்ணீர் உறைநிலையை நெருங்கும்போது தானாக வேலை தொடங்கும், சூடு ஏறினால் நிற்கும். கையை விட்டுப் பார்த்தால் தண்ணீர் குளிராகத்தான் இருக்கும். உறையாமல் வைத்திருப்பது மட்டும்தான் அதன் வேலை, வெந்நீர் போடுவது அல்ல. சுழியத்துக்குக் கீழே 10 பாகை வரைக்கும் ஒரு குறையும் இல்லை. 20 பாகைக்குக் கீழே போய், காற்றும் அடித்தால் விளிம்பைச் சுற்றி ஐஸ் வளையம் கட்டும், நடுவில் உள்ளங்கை அளவு மட்டும் திறந்திருக்கும். குருவிகளுக்கு அது போதும்.

ஹைட்ரோ பில், அதாவது கரண்ட் பில், பயம் எனக்கும் இருந்தது. 75 வாற் 24 மணித்தியாலமும் ஓடினாலே நாளுக்கு 1.8 யூனிற், மாதத்துக்கு 54. தெர்மோஸ்ராற் இருப்பதால் அந்த அளவுக்கும் போகாது. பில்லில் இதைத் தேடிப் பிடிக்க முடியவில்லை.

சில்லறை வேலைதான் கூட. வீட்டுக்கு வெளியே இருக்கும் குழாயை நவம்பரிலேயே பூட்டிவிடுவோம், இல்லாவிட்டால் பைப் வெடிக்கும். ஆகவே அடுப்படியிலிருந்து செம்பில் கொண்டுபோய்த்தான் ஊற்ற வேண்டும். ஸ்ராலிங் கூட்டம் வந்தால் ஐந்து நிமிசத்தில் குளித்துக் கும்மாளம் போட்டுத் தட்டைக் காலியாக்கிவிடும். நியூயோர்க்கில் 1890இல் ஒருவர் கொண்டுவந்து விட்ட பறவை இன்று என் டெக்கில் வந்து குளிக்கிறது. கடும் குளிரில் இறகு நனைவது நல்லதல்ல என்பதால் நடுவில் இரண்டு மூன்று தட்டைக் கற்களை வைத்துவிட்டேன். இப்போது நின்று குடிக்கலாம், முங்க முடியாது. ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம்.

பிளக் விசயத்தில் கவனம். வெளியில் இருக்கும் பாதுகாப்புப் பிளக்கில்தான் கொளுவ வேண்டும். ஈரம் பட்டால் தானாகக் கரண்ட்டை வெட்டுவது அதுதான். நீட்டு வயர் பாவித்தால் வெளிப்பாவனைக்கென்று எழுதியதாக இருக்கட்டும், இணைப்பு பனிக்குள் புதையாமல் தூக்கிக் கட்டுங்கள். காலையில் தட்டு உறைந்து கிடந்தால் ஹீற்றர் பழுது என்று முடிவெடுக்க முதல் பிளக்கில் உள்ள பட்டனைப் பாருங்கள். முக்கால்வாசி நேரம் அது விழுந்திருக்கும்.

ஹீற்றர் எதற்கு, கொஞ்சம் உப்புப் போட்டால் உறையாதே என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. உப்பு, கிளிசரின், காருக்கு ஊற்றும் அன்ரிஃப்றீஸ் எதுவும் வேண்டாம். கிளிசரின் இறகை ஒட்ட வைத்துவிடும், மற்றதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. சீமெந்து, மண் தட்டுகளைக் குளிருக்கு முதல் உள்ளே எடுத்துவிடுங்கள்; தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய ஒன்பது வீதம் பெருக்கும், தட்டு பிளந்துவிடும்.

இனித் தீனிக்கு வருவோம். மலிவாக விற்கும் கலவை மூட்டையை வாங்காதீர்கள். அதில் பாதி சிவப்பு இறுங்கும் கோதுமையும். இங்கத்தையக் குருவிகள் அதை அலகால் தள்ளி நிலத்தில் கொட்டிவிட்டு நடுவில் கிடக்கும் சூரியகாந்தி விதையைத் தேடும். கொட்டியதைத் தின்ன இரவில் எலி வரும். கறுப்புச் சூரியகாந்தி விதை மட்டும் வாங்கினால் மூட்டை விலை கூடத்தான், ஆனால் வீண்போகாது. கோது மெல்லிசு, கொழுப்பு அதிகம், சின்ன அலகுக் குருவியும் உடைக்கும். ஒரே கரைச்சல், கோது விழுந்த இடத்தில் புல் முளைக்காது.

பேயெள்ளு போடும் நீளக் குழாய்க் கூடும் வாங்கினேன். இந்தியாவிலும் எதியோப்பியாவிலும் விளைவதைச் சூடாக்கி முளைக்காமல் செய்து இங்கே விற்கிறார்கள். கோல்ட்ஃபிஞ்சுக்கு அது உயிர். ஆனால் ஈரம் பட்டால் கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும், பிறகு ஒன்றும் கிட்ட வராது. பனி உருகி உறையும் மார்ச் மாதத்தில் அந்தக் கூட்டைக் கழுவுவதே ஒரு வேலை. என் கணக்கில் காசுக்குப் பெறாத சாமான் அதுதான். நிலத்தில் பொறுக்கும் ஜங்கோக் குருவிக்குப் பனிவரகு ஒரு பிடி போதும்.

கொழுப்புக் கட்டி விசயம் எங்கள் வீட்டில் ஒரு பிரச்சினையானது. மரங்கொத்திக்கு அதைப் போல ஒன்றும் இல்லை, ஆனால் அது மாட்டுச் சிறுநீரகக் கொழுப்பு. மாமி சுத்த சைவம். பெட்டியில் இருந்த மாட்டுப் படத்தைப் பார்த்ததும், "தம்பி, குருவிக்குக் குடுக்கிறது புண்ணியம்தான். அதுக்காக உந்தச் சாமானை என்ர அடுப்படிக்குள்ள கொண்டு வராதேங்கோ" என்றார். இப்போது அது கராஜில். குளிரில் கராஜே பிரிட்ஜ்தான். மாமிக்கு ஒத்துவரும் வழியும் உண்டு: உப்பில்லாத கச்சான் பட்டரையும் சோள மாவையும் பிசைந்து மரப்பட்டையில் அப்பிவிடுவது. டௌனி மரங்கொத்தி இரண்டுக்கும் வேறுபாடு காட்டியதாகத் தெரியவில்லை.

அதிகம் பார்க்கக் கிடைப்பது சிக்கடீ. ஒரு விதையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் பறக்கும், இரண்டு காலுக்கும் இடையில் இறுக்கிப் பிடித்து அலகால் கொத்தி உடைக்கும், பருப்பைத் தின்னும், அல்லது பட்டை இடுக்கில் ஒளித்துவைக்கும். இரவில் உடம்புச் சூட்டைப் பத்துப் பாகைக்கும் மேல் தானாகவே குறைத்துக்கொண்டு விடியும் வரை தாக்குப்பிடிக்கிறது. காடினல் அதற்கு எதிர்மாறு. விடிகிற நேரமும் இருள்கிற நேரமும்தான் வரும், பலகைத் தட்டில் குந்தியிருந்து ஆறுதலாகச் சாப்பிடும். ஆகவே பின்னேரம் ஐந்து மணிக்கு முதல் தட்டை நிரப்பிவிடுவது நல்லது.

"ரெண்டு கிழமை ஊருக்குப் போறம், குருவியள் பட்டினியால சாகுமோ?" என்று கேட்பார்கள். சாகாது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் சிக்கடீகளை வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார்கள். தீனி கிடைக்கும் இடத்தில் குளிர்காலத்தைத் தாண்டியவை 69 வீதம், கிடைக்காத இடத்தில் 37 வீதம். அந்த வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் கடுங்குளிர் மாதங்கள்தான் காரணம். ஆனால் பழக்கமாகத் தீனி வைத்த இடத்தில் கூட்டை எடுத்துவிட்டுப் பார்த்தபோது, அந்தக் குருவிகள் தீனியே கண்டிராதவற்றைவிட அதிகமாகச் சாகவில்லை. வைத்தாலும் அவை காட்டில் தேடுவதை விடுவதில்லை. உண்மையில் தீனி உதவுவது ஐஸ் மழை நாளில். 2013 டிசம்பரில் ரொறன்ரோவில் பெய்தது போல மரம், கூம்பு, பழம் எல்லாவற்றையும் கண்ணாடி மாதிரி ஐஸ் மூடிவிட்டால் அவற்றுக்கு வேறு வழியில்லை. அப்போது கரண்ட்டும் போயிருக்கும், ஹீற்றரும் நிற்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரைக் காலையும் மத்தியானமும் ஊற்றிச் சமாளிக்கலாம். கொதிதண்ணீர் மட்டும் வேண்டாம்.

அணிலைப் பற்றி எழுதத் தொடங்கினால் முடியாது. இங்கத்தைய கறுப்பு அணில் தொங்கும் கூட்டில் தலைகீழாக நின்று சாப்பிடும். பறவைகளுக்கு உறைப்புத் தெரியாது, அணிலுக்குத் தெரியும். அதனால் எங்கள் வீட்டு மிளகாய்த்தூளை விதையில் பிரட்டிப் பார்த்தேன். அணில் போனது உண்மை. ஆனால் பனிக்காற்றடிக்கும்போது கூட்டை நிரப்பினால் தூள் நம்முடைய கண்ணுக்குத்தான் வரும். அதைவிடக் கம்பத்தில் நட்டு, நெஞ்சளவு உயரத்தில் ஒரு கூம்புத் தகரம் போட்டு, வேலியிலிருந்தும் மரத்திலிருந்தும் பத்தடி தள்ளி வைத்தால் முக்கால்வாசிப் பிரச்சினை தீரும்.

யன்னல் கண்ணாடிக்குக் கிட்டவே கூட்டை வையுங்கள், ஒரு மீற்றருக்குள். அங்கிருந்து பயந்து பறந்தாலும் மோதிச் சாகும் வேகம் வராது. ஆபத்து நடுத்தூரத்தில்தான். பருந்துப் படம் ஒன்றை ஒட்டிவிட்டு விடுவதில் பயனில்லை. கண்ணாடியின் வெளிப்புறத்தில் இரண்டு அங்குல இடைவெளிக்கு ஒரு புள்ளி வீதம் ஒட்ட வேண்டும். இந்த மோதல்களுக்காகவே 1993 முதல் இயங்கும் ஃபிளாப் கனடா என்ற அமைப்பு ரொறன்ரோவில் தொடங்கியதுதான்.

கழுவுவதற்கு ஆயத்தமில்லை என்றால் இதில் இறங்காதீர்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை, பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. கழுவிக் காயவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். கைக்கு உறை போடுங்கள். 2021இல் அமெரிக்காவில் சிறு குருவிகளுக்கு வந்த சால்மொனெல்லா தீனிக்கூடு வைத்திருந்த மனிதருக்கும் தொற்றியது. கண் வீங்கி ஒட்டிப்போன ஹவுஸ் ஃபிஞ்ச் வந்தால் உடனே எல்லாவற்றையும் இறக்கிக் கழுவி, இரண்டு கிழமை வைக்காமல் விடுங்கள். அது தட்டின் வழியாக மற்றவற்றுக்குப் பரவும் நோய்.

நம்மவர்களுக்கென்று ஒன்று. புரட்டாசிச் சனிக்கும் தை அமாவாசைக்கும் காகத்துக்குச் சோறு வைப்பவர்கள் இங்கே நிறைய. தை மாதக் குளிரில் அந்தச் சோறு அரை மணித்தியாலத்தில் கல்லாகும். காகம் வர முதல் அணிலும் றக்கூனும் வந்துவிடும். 2023இலிருந்து ரொறன்ரோ மாநகரில் காட்டு உயிர்களுக்குத் தீனி வைக்கவும் தடை. பாட்டுக் குருவிகளுக்குத் தீனிக்கூடு வைக்க விலக்கு உண்டு, ஆனால் கூடு நிலத்திலிருந்து உயரத்தில், சுத்தமாக, சிந்தாமல் இருக்க வேண்டும். ஆகவே விரதச் சோற்றை வெளியே வைக்காமல் விட்டால் பக்கத்து வீட்டுக்காரரோடும் சண்டை வராது.

பார்ப்பதைப் பதிந்து வைக்க விருப்பமென்றால் புறொஜெக்ட் ஃபீடர்வொச் இருக்கிறது. 1976இல் ஒன்ராறியோவின் லோங் பொயின்ற்றில் தொடங்கிய கணக்கெடுப்பு, 1987இல் கோர்னெல் பறவையியல் ஆய்வகத்தோடு சேர்ந்து வட அமெரிக்கா முழுக்க விரிந்தது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குப் பொருந்தும்.

தட்டின் ஆயுளைப் பற்றி: முதல் வாங்கிய பிளாஸ்ரிக் தட்டு ஹீற்றர் கம்பி போகும் அடிப்பக்கத்தில் வெடித்து ஒழுகியது. உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது என்று கடையில் கையை விரித்தார்கள். இரண்டாவதை ஏப்ரல் கடைசியில் கழற்றி, வினாகிரி போட்டு உப்புப் படிவைத் தேய்த்து, வெயில் படாமல் கராஜில் வைக்கிறேன், இன்றுவரை நிற்கிறது. வாங்கும்போது கழற்றிக் கழுவக்கூடியதா என்று பாருங்கள். வயரோடு சேர்ந்த பெரிய தட்டை அடுப்படித் தொட்டியில் வைத்துக் கழுவ முடியாது.

கொண்டோவில் இருப்பவர்கள் பல்கனியில் விதை வைக்க முதல் கட்டட விதியை வாசித்துவிடுங்கள். மாடப்புறா எச்சத்துக்குப் பயந்து அனேகமான இடங்களில் விதை வைக்க விடுவதில்லை. தண்ணீரும் வைக்கலாமா என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.