தனியாளாகக் கட்டிய மரக்குற்றிக் கொட்டில்: பத்தாண்டுக்கும் மேலான பாவனையின் பின்

வட ஒன்ராறியோவின் ரெமகாமிப் பக்கத்தில், ஏரியோரத் தனியார் காணி ஒன்றில் நான் தனியாளாகக் கட்டிய மரக்குற்றிக் கொட்டிலைப் பத்தாண்டுக்கும் மேலாகப் பாவித்து வருகிறேன். அளவு 12 அடிக்கு 16 அடி. ஒரே அறை, தலைக்கு மேல் படுக்கைக்கு ஒரு பரண், மூலையில் விறகடுப்பு. இத்தகைய கொட்டில்களைப் பற்றி எழுதுபவர்களில் பெரும்பாலானோர் கூரை மூடிய நாளோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் பச்சை மரத்தால் எழுப்பிய சுவர் அந்த நாளுக்குப் பிறகுதான் அசையத் தொடங்குகிறது. எது நிலைத்தது, எது குலைந்தது என்பதைச் சொல்லக் குறைந்தது ஐந்தாறு குளிர்காலங்களாவது வேண்டும் என்பதால் இவ்வளவு காலம் எழுதாமல் இருந்தேன்.

முதலில் காணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கேட்பவர்கள் அனைவரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். கனடாவின் காடுகளில் பெரும்பகுதி அரசுக் காணி. அனுமதியில்லாமல் அங்கே கொட்டில் கட்டுவது சட்டவிரோதம். அமெரிக்காவிலும் குடியேறிக் காணி பெறும் பழைய சட்டம் 1976இல் நீக்கப்பட்டது. அலாஸ்காவுக்கு மட்டும் 1986 வரை விலக்கு இருந்தது. அலாஸ்காவின் இரட்டை ஏரிகளின் கரையில் 1968இல் தன் ஐம்பத்திரண்டாவது வயதில் தனியாகக் கொட்டில் கட்டிய ரிச்சர்ட் புரொனெக்கியைப் பலரும் முன்னுதாரணமாகச் சொல்வதுண்டு. அவருடைய கொட்டில் 11 அடிக்கு 15 அடி. செலவு 40 டொலர் சொச்சம். முந்தைய கோடையிலேயே மரங்களை வெட்டிப் பட்டை உரித்து வைத்திருந்தார். கருவிகளின் இரும்புத் தலைகளை மட்டும் கொண்டுபோய்ப் பிடிகளை அங்கேயே செதுக்கிக்கொண்டார். 1998 வரை அங்கே வாழ்ந்தார்; அந்தக் கொட்டில் இப்போது லேக் கிளார்க் தேசியப் பூங்காவின் பொறுப்பில், தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் இருக்கிறது. மதிப்புக்குரிய மனிதர்தான். ஆனாலும் அந்த 40 டொலரை இன்றைய கணக்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். என் விடயத்தில் குற்றிகள் காணியிலேயே கிடைத்தன. கூரைத் தகடு, அடுப்பு, இரட்டைச் சுவர்ப் புகைபோக்கி, கண்ணாடி யன்னல்கள் ஆகியவைதான் பணத்தை விழுங்கின.

தனியாளாகக் கட்டுவது என்ற முடிவுதான் மற்ற எல்லா அளவுகளையும் தீர்மானித்தது. மூலைகளில் வெளியே நீளும் பகுதியையும் சேர்த்தால் என் நீண்ட குற்றிகள் 18 அடி வரும். நடுப்பகுதியில் 10 அங்குல விட்டமுள்ள பச்சை ஸ்புரூஸ் குற்றி அந்த நீளத்தில் ஏறத்தாழ 150 கிலோ நிறை இருக்கும். அதைத் தூக்க முடியாது, உருட்டலாம். இரண்டு சாய்வுக் கழிகளைச் சுவரில் சாத்தி, கயிற்றின் ஒரு நுனியை மேல்வரிசைக் குற்றியில் கட்டி, மறுநுனியை ஏற்ற வேண்டிய குற்றியின் அடியால் விட்டுச் சுற்றி மேலெடுத்து, சுவரின் எதிர்ப்பக்கத்தில் நின்று இழுத்தால், குற்றி தானே உருண்டு கழிகளின் மேல் ஏறும். இழுக்க வேண்டிய விசையும் ஏறக்குறையப் பாதியாகும். இரு நுனிகளும் சேர்ந்து ஏற வேண்டும் என்பதால் இரண்டு கயிறுகள், கயிற்றைச் சுருட்டி இழுக்கும் இரண்டு கைவின்ச்சுகள், ஒவ்வொன்றிலும் மாறி மாறிச் சில பற்கள் என்று வேலை மெதுவாகத்தான் நகரும். குற்றி சுவரின் உச்சியை அடையும் கணத்தில் அதைப் பிடித்து நிறுத்தும் இரும்புக் கொளுவிகள் தயாராக இல்லாவிட்டால் அது மறுபக்கம் உருண்டுவிடும். அந்தப் பக்கத்தில்தான் நாம் நிற்கிறோம். ஆகவே 20 அடி நீளத்துக்கு மேற்பட்ட சுவரைத் தனியாகக் கட்ட விரும்புவோர் அறையின் அளவைக் குறைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்வேன். பெரிய அறையைச் சூடாக்குவதும் எளிதல்ல.

மரத்தைக் குளிர்காலத்தில் வீழ்த்தினேன். அப்போது பனிமேல் குற்றிகளை இழுத்துவருவது எளிது, மரத்தில் நீரோட்டமும் குறைவு. பட்டை உரிப்பதை வசந்தத்துக்கு விட்டேன். நீர் ஏறும் அந்த வாரங்களில் வெட்டிய மரத்தில் பட்டை நீளமான கீற்றுகளாகக் கழன்றுவரும், குளிர்காலத்தில் வெட்டியதை இழுப்புக் கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவித்தான் ஆக வேண்டும். ஆனால் சீவிய மரத்தின் முகம் மெல்லிய வரிகளுடன் அழகாக அமைகிறது என்பதால் எனக்கு அதில் குறையில்லை. குறை கறுப்பு ஈக்களில்தான். மே நடுப்பகுதியிலிருந்து யூன் முடியும்வரை, சரியாகப் பட்டை உரிக்கும் காலத்திலேயே, அவை காதின் பின்புறத்தையும் கழுத்துப்பட்டியின் ஓரத்தையும் தேடி வந்து கடிக்கும். தலைக்கு வலையில்லாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது.

பட்டையை அழகுக்காக விட்டுவைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். விறகுக் கொட்டிலின் தூண்கள் இரண்டை அப்படிப் பட்டையோடு விட்டுப் பார்த்தேன். அடுத்த கோடையில் இரவில் அருகில் நின்றால் உள்ளே கறுக் கறுக்கென்று மெல்லும் சத்தம் கேட்டது. காலையில் தூணடியில் வெண்ணிறத் தூள் குவிந்து கிடந்தது. நீளக்கொம்பு வண்டுகளின் புழுக்கள் பட்டைக்கும் மரத்துக்கும் இடையில் தின்று கொழுத்துப் பின்னர் மரத்துக்குள் துளைபோடுகின்றன. உரித்துக் காயவிட்ட சுவர்க் குற்றிகளில் இதுவரை ஒன்றுகூட வரவில்லை.

இனி, பாவனையின் மையமான விடயம். மரம் நீளவாக்கில் ஏறத்தாழச் சுருங்குவதே இல்லை, குறுக்குவாக்கில்தான் சுருங்குகிறது. குற்றிகளைக் கிடையாக அடுக்கிய சுவரில் அந்தச் சுருக்கம் முழுவதும் உயரத்தில் வந்து சேரும். பச்சை மரத்தில் ஓர் அடி உயரத்துக்கு அரை முதல் முக்கால் அங்குலம் வரை இறங்கும் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 7 அடிக் கதவின் உயரத்தில் அது மூன்றரை முதல் ஏறத்தாழ ஐந்து அங்குலம். கதவு நிலையைச் சுவரோடு ஆணியடித்துப் பூட்டினால் சுவர் நிலையின்மேல் தொங்கும், குற்றிகளுக்கிடையில் வாய் திறக்கும், கதவும் இறுகும். ஆகவே நிலைகளைக் குற்றிகளின் நுனியில் வெட்டிய காடியில் வழுக்கும்படி பொருத்தி, மேலே ஐந்து அங்குல இடைவெளி விட்டு, அதில் கம்பளிப் பஞ்சை அடைத்துப் பலகையால் மறைத்திருக்கிறேன். அந்தப் பலகை மேற்குற்றியில் மட்டுமே ஆணியடிக்கப்பட்டிருப்பதால் சுவர் இறங்கும்போது அதுவும் நிலையின் முகத்தின்மேல் வழுக்கி இறங்கும்.

முதல் இரண்டு குளிர்காலங்களில், அடுப்பு எரியத் தொடங்கியதும் இறக்கம் கண்ணுக்குத் தெரியும் வேகத்தில் நடந்தது. நிலையின் பக்கத்தில் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதி வைத்தேன்; கோடுகள் தொடக்கத்தில் அகலமாகவும் பின்னர் நெருக்கமாகவும் விழுந்து, ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. நடுவே பரணைத் தாங்கும் செங்குத்துத் தூணும் இதே காரணத்தால் சிக்கலுக்குரியது: சுவர் இறங்கத் தூண் இறங்காமல் நின்றால் பரண் நடுவில் முதுகு தூக்கும். தூணின் அடியில் திருகு ஜாக்கி ஒன்றை வைத்து, வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் சிறிது சிறிதாக இறக்கிவந்தேன். புகைபோக்கியும் அடுப்பிலிருந்து செங்குத்தாக ஏறுவதால் அதில் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்த் துண்டு கட்டாயம் வேண்டும். இவற்றை எல்லாம் முன்கூட்டியே அமைக்காத மரவீடுகள் விற்பனைக்கு வரும்போது கதவின் மேல்விளிம்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அது பலமுறை சீவப்பட்டிருக்கும்.

குற்றிகளுக்கு இடையிலான அடைப்பு இரண்டாவது பெரிய விடயம். கீழ்க்குற்றியின் வளைவை மேற்குற்றிக்கு வரைகருவியால் பெயர்த்து நீள்குழி வெட்டி, அதற்குள் காய்ந்த காட்டுப்பாசியை வைத்துத்தான் ஒவ்வொரு குற்றியையும் அமர்த்தினேன். பாசி மலிவு, ஈரத்தை வாங்கி வெளிவிடும், எளிதில் அழுகாது. இருந்தும் சுவர் சுருங்கச் சுருங்க அது தளர்ந்தது. செந்நிற அணில்கள் வெளிப்பக்கத்திலிருந்து அதை உருவி உருவித் தங்கள் கூடுகளுக்குக் கொண்டுபோயின. தென்மேற்கு மூலையில் ஒரு முழத்துக்கு மேல் வெறுமையானபோது காற்று விசிலடித்தது. பின்னர் தார் தோய்த்த சணல் தும்பை முறுக்கி, மழுங்கிய உளியாலும் மரச் சுத்தியலாலும், மரக்கலத்துக்குக் கலப்பற்று அடிப்பதைப் போலவே இடைவெளிகளில் அடித்து இறுக்கினேன். அணில்கள் அதைத் தொடுவதில்லை. தாரின் வாசம்தான் காரணமாக இருக்க வேண்டும். உள்ளே அந்த வாசம் முதல் கோடை முழுவதும் இருந்தது, எனக்குப் பிடிக்கும், என் மனைவிக்குப் பிடிக்காது. சுவர் இறங்கி முடியும்வரை பாசி, முடிந்தபின் தும்பு என்ற வரிசையே இன்றும் என் பரிந்துரை. இழுபடும் செயற்கைப் பசைகளைக் கடையில் விற்கிறார்கள். படகில் ஏற்றிவர வேண்டிய நிறையை எண்ணி நான் அவற்றை விட்டுவிட்டேன்.

நீரைப் பொறுத்தவரை, இந்தக் கொட்டிலின் ஆயுளைக் காத்தவை பளபளப்பான பூச்சுகள் அல்ல, முப்பது அங்குலம் வெளியே நீளும் கூரை இறவாரமும் தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்ந்த அத்திவாரமும்தான். எங்கள் காணியில் மண் மெல்லியது. கொஞ்சம் தோண்டினாலே கனேடியக் கேடயப் பாறை தட்டுப்படும். கொங்கிறீட் தூண்களைப் பாறையில் துளையிட்டு இரும்புக் கம்பியால் பிணைத்திருப்பதால், மண் உறைந்து பொங்கித் தூண்களைக் கிளப்பும் தொல்லை எனக்கு இல்லை. ஆழமான களிமண்ணில் கட்டுபவர்களுக்கு அந்தத் தொல்லைதான் முதல் எதிரி. அடிவரிசை இரண்டுக்கும் அழுகலை எதிர்க்கும் வெண்செடார் மரத்தைத் தேர்ந்தேன். மூலைகளில் குழியை எப்போதும் மேற்குற்றியின் அடிப்புறத்திலேயே வெட்டியதால் நீர் தேங்க இடமில்லை.

ஆயினும் குற்றிகள் காயும்போது வெடிக்கும்; அதைத் தடுக்க வழியில்லை. மேல்நோக்கித் திறந்த வெடிப்பு மழையைக் கிண்ணம்போல வாங்கிக்கொள்ளும். குற்றியின் மேல்முகத்தில் முன்கூட்டியே மரம் அறுக்கும் வாளால் ஒரு நீளக்கீறல் இட்டால் வெடிப்பு பெரும்பாலும் அங்கேயே ஓடி, மேற்குற்றியின் நீள்குழிக்குள் மறைந்துவிடும். கூரைக்கு வெளியே அதிகம் நீண்டிருந்த மூலை நுனிகளில் இந்தக் கீறல் காப்பாற்றவில்லை. ஒரு நுனியில் சவர்க்காரக் கட்டிபோல மென்மையான இடத்தைத் திருப்புளி நுனியால் கண்டேன். பின்னால் கறுத்த தச்செறும்புகள் குடியிருந்தன. அவை மரத்தைத் தின்பதில்லை, நனைந்து மென்மையான மரத்தைக் குடைந்து கூடு கட்டும். நுனியை இறவாரத்தின் உள்ளே அடங்கும் அளவுக்கு அறுத்துவிட்டு, வெட்டுமுகத்தில் போராக்ஸ் வகை உப்புக் கரைசலை ஊறவிட்டு, மேலே எண்ணெய்ப் பூச்சு கொடுத்ததும் எறும்புகள் போய்விட்டன. அந்த உப்பு மழையில் கரையக்கூடியது. மேற்பூச்சு இல்லாவிட்டால் வீண். தென்சுவரின் பூச்சை வெயில் மூன்று நான்கு ஆண்டுகளில் தின்றுவிடுகிறது. வடசுவரில் அதே பூச்சு இரு மடங்கு காலம் நிற்கிறது.

வெப்பத்தைப் பற்றி நிலவும் புகழ்ச்சி மிகையானது. இந்தத் தடிப்பிலான குற்றிச் சுவரின் வெப்பத் தடை, இன்று சாதாரணமாகக் கட்டப்படும் கண்ணாடிப் பஞ்சு அடைத்த 6 அங்குலச் சுவரின் தடையில் ஏறத்தாழப் பாதிதான். கூரைக்குள் அடைத்த தடித்த பஞ்சும் காற்றுப் புகாத கலப்பற்றும்தான் கொட்டிலைச் சூடாக வைத்திருக்கின்றன. மரத்தின் பருமன் சூட்டைத் தாங்கி வைத்திருக்கும் என்பது உண்மை. தொடர்ந்து தங்கியிருப்பவருக்கு அது வரம். வெள்ளிக்கிழமை இரவு வெளியே மறை 30 பாகை இருக்கும்போது வந்து கதவைத் திறப்பவருக்கு அதுவே இடைஞ்சல், ஏனெனில் காற்று ஒரு மணித்தியாலத்தில் சூடேறினாலும் சுவர்கள் மறுநாள் மதியம்வரை குளிரை வீசிக்கொண்டிருக்கும். அந்த முதலிரவில் கம்பளித் தொப்பியோடுதான் தூங்குகிறேன். ஓராண்டு காய்ந்த பேர்ச் விறகே நம்பகமானது. ஈர விறகு புகைபோக்கியில் தார்ப்படிவை ஏற்றி, தீப்பிடிக்கும் அபாயத்தை உண்டாக்கும். காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி பரணில் ஒன்று, கீழே ஒன்று.

விலங்குகளில் கரடியைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். எனக்குச் செலவு வைத்தது முள்ளம்பன்றிதான். உப்பைத் தேடி அது கோடரியின் வியர்வை ஊறிய பிடியையும், பசைக்காக ஒட்டுப்பலகையையும், வெளிக் கழிப்பறையின் இருக்கைப் பலகையையும் கறம்பியது. இருக்கைக்குத் தகடு அடித்த பிறகு நிம்மதி.

காப்புறுதி எடுப்பதும் எளிதாக இல்லை. தீயணைப்பு நிலையத்திலிருந்து தொலைவு, விறகடுப்பு, ஆண்டின் பெரும்பகுதி ஆளில்லாமை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்த நிறுவனங்கள் மறுத்தன. கடைசியில் ஒன்று, சான்றுபெற்ற பரிசோதகர் அடுப்பைப் பார்த்துக் கையெழுத்திட்ட அறிக்கையைக் கேட்டு வாங்கிய பிறகே ஒப்புக்கொண்டது. அடுப்புக்கும் சுவருக்கும் இடைவெளி, தரையில் தீப்படாத தளம், புகைபோக்கியின் உயரம் ஆகியவற்றைக் கட்டும்போதே அவற்றுக்குரிய விதிப்படி வைத்துவிட்டால் அந்த அறிக்கைக்காக எதையும் பிரித்துக் கட்ட வேண்டியிருக்காது. பரிசோதகரைப் படகில் ஏற்றி இறக்கும் பொறுப்பு மட்டும் நம்முடையது.