கேனோவில் ஏரிக்காட்டுக்கு: பல பருவங்கள் உழைத்த சாமான்களும் வழியிலேயே கைவிட்டவையும்

ஏரி ஏரியாகத் துடுப்புப் போட்டு, கரையில் கூடாரம் அடித்து, நிதானமாக மீன்பிடித்துத் திரும்பும் 5 அல்லது 6 நாள் பயணத்துக்கான குறிப்பு இது. நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. புதிதாக வாங்கும்போது எல்லாச் சாமானும் நன்றாகத்தான் இருக்கும். நாலைந்து பருவம் கடந்தபின் எது நிற்கிறது, எது போகிறது, ஏன் போகிறது என்பதைப் பார்ப்போம்.

முதலில் தூரக் கணக்கு. சுமையேற்றிய 16 அடி கேனோவில் இரண்டு பேர் அமைதியான நீரில் மணிக்கு 4 முதல் 5 கிலோமீட்டர் போகலாம். அதை 6 மணி நேரத்தால் பெருக்கி, ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர் என்று வரைபடத்தில் கோடு போட்டுவிடுகிறார்கள். அந்தப் பெருக்கலில் காற்றும் இல்லை, போர்ட்டேஜும் இல்லை. ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே படகையும் மூட்டையையும் சுமந்து நடக்கும் பாதைதான் போர்ட்டேஜ். எல்லாவற்றையும் ஒரே நடையில் கொண்டுபோக முடியாமல் இரண்டு நடை போட்டால், அந்தப் பாதையை மூன்று முறை கடக்கிறீர்கள்: சுமையோடு ஒரு முறை, வெறுங்கையோடு திரும்ப ஒரு முறை, மறுபடி சுமையோடு ஒரு முறை. வரைபடத்தில் உள்ள 500 மீட்டர் காலுக்கு 1.5 கிலோமீட்டர். அமெரிக்காவின் பவுண்டரி வாட்டர்ஸ் ஏரிக்காட்டு வரைபடங்களில் இந்தத் தூரம் ‘ராட்’ கணக்கில் இருக்கும். 1 ராட் என்பது 16.5 அடி, 320 ராட் ஒரு மைல். 100 என்று போட்டிருப்பதை மீட்டராகப் படித்துவிட்டு நடுவழியில் மூச்சு வாங்குவது அங்கே வழக்கமான காட்சி.

நிதானமான பயணத்துக்கு நாளைக்கு 10 முதல் 12 கிலோமீட்டர், இரண்டு போர்ட்டேஜ் போதும். 5 நாளில் ஒரு நாளைக் காற்றுக்கென்றே எழுதி வைத்துவிட வேண்டும். காற்று வராவிட்டால் அது மீன்பிடிக்கும் நாள். ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்குவது இன்னும் நல்லது. கூடாரத்தைப் பிரித்துக் கட்டி ஏற்றவும், அடுத்த இடத்தில் மறுபடி அடிக்கவும் சேர்ந்து 3 மணி நேரம் போய்விடுகிறது. நல்ல மீன்கடி நேரமான காலையும் மாலையும்தான் அந்த 3 மணி நேரத்தைக் கொடுக்கின்றன.

எடையைக் குறைக்க எல்லோரும் பாடுபடுகிறார்கள். என் கணிப்பில் எண்ணிக்கையைக் குறைப்பதே அதிகப் பலன் தருகிறது. இரண்டு பேருக்குப் படகோடு சேர்த்து 6 உருப்படி: படகு, பெரிய மூட்டை இரண்டு, சாப்பாட்டு பேரல் ஒன்று, துடுப்புக் கட்டு ஒன்று, தூண்டில் கட்டு ஒன்று. கையில் பிடிக்கும் தண்ணீர்ப் பாட்டில், காலில் இருந்து கழற்றிய செருப்பு, கேமராப் பை, தனியாக ஆடும் ஈரச் சட்டை என்று உதிரிகள் சேரச் சேர ஒவ்வொரு கரையிலும் நேரம் கரையும். போர்ட்டேஜில் தொலைந்துபோகும் பொருள்களும் எப்போதும் இந்த உதிரிகள்தான். 25 கிலோ மூட்டை தொலைந்ததாக யாரும் சொன்னதில்லை.

படகு

இரண்டு பேர் போகும் 16, 17 அடிக் கேனோவில் எடையைத் தீர்மானிப்பது அதன் பொருள். கெவ்லர் 18 முதல் 20 கிலோ, டி-ஃபார்மெக்ஸ் என்ற அடுக்குப் பிளாஸ்டிக் 25 முதல் 30, அலுமினியம் 30 முதல் 34, மூன்றடுக்குப் பாலிஎத்திலீன் 35-க்கு மேல். டி-ஃபார்மெக்ஸுக்கு முன்னோடியான ரோயலெக்ஸ் பிளாஸ்டிக் 2014-க்குப் பின் புதிதாக வருவதில்லை. பழைய படகு கிடைத்தால் வாங்கலாம், ஆனால் வெயிலில் கிடந்ததா என்று பார்த்துத்தான்.

போர்ட்டேஜ் நிறைய உள்ள வழிக்குக் கெவ்லரே சரி. ஆனால் அது கரையில் இழுத்து ஏற்றும் படகு அல்ல. முழங்கால் ஆழத்திலேயே இறங்கி, படகு மிதக்கும்போதே சாமானை இறக்க வேண்டும். கால் நனையும். நனையக்கூடாது என்று கல்லின் மேல் ஏற்றுகிறவர்களின் படகில் மூன்றாம் பருவத்திலேயே அணியத்தின் (முன்முனையின்) அடியில் இழை பிசிறு பிசிறாக எட்டிப் பார்க்கும். அங்கே ஒட்டும் தடித்த கெவ்லர் பட்டையைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. கிட்டத்தட்ட ஒரு கிலோ கூடும், நீரில் இழுவையும் கூடும். டைனெல் என்ற செயற்கை இழைத் துணியை எபாக்ஸிப் பசையில் நனைத்து ஒட்டுவது மெல்லியதாகவும் வழவழப்பாகவும் நிற்கிறது. காட்டில் ஓட்டை விழுந்தால் அகலமான பியூட்டைல் டேப் போதும். இடத்தை நன்றாக உலர்த்தி, உள்ளும் புறமும் ஒட்டி, வெயிலில் சூடேறிய கல்லின் மேல் ஐந்து நிமிடம் அழுத்தி வைத்தால் வீடு வரை தாங்கும்.

யாரும் சொல்லாத பழுது ஒன்று உண்டு. இருக்கையையும், படகைத் தோளில் சுமக்க உதவும் குறுக்குக் கட்டையான நுகத்தையும் பிடித்திருக்கும் போல்ட் நட்டுகள் பயணத்தின் அதிர்விலேயே தளரும். கார் கூரையில் 300 கிலோமீட்டர் போன பிறகு நிச்சயம் தளரும். புறப்படும் முன் ஒரு முறை, நடுவில் ஒரு முறை முடுக்குவதற்குச் சிறு ஸ்பேனர் பழுதுபார்க்கும் பையில் இருக்க வேண்டும். நுகத்தின் தோள் மெத்தை அகலம் சரியில்லாவிட்டால் 18 கிலோ படகும் 40 கிலோவாகத் தெரியும். வாங்கும்போதே தோளில் வைத்து 10 நிமிடம் நின்று பாருங்கள்.

ஏற்றும் முறையில் கனமானது நடுவில், தரையோடு. விளிம்புக்கும் நீருக்கும் இடையே குறைந்தது 15 சென்டிமீட்டர் வேண்டும். எதிர்க்காற்றில் முன்பக்கம் சற்றுக் கனமாக இருந்தால் படகு நேராக நிற்கும், பின்காற்றில் பின்பக்கம் கனமாக இருக்க வேண்டும். இதற்காக மூட்டையை அவிழ்க்க வேண்டாம், தண்ணீர்ப் பையை ஒரு முழம் முன்னோ பின்னோ நகர்த்தினாலே தெரியும்.

துடுப்பு விஷயத்தில் ஒரு சிபாரிசுதான். ஆளுக்கு ஒன்று, உபரியாக ஒன்று. அந்த உபரி மர நேர்த்துடுப்பாக இருக்கட்டும், பாறையில் தள்ளவும் அதுவே உதவும். 12 பாகை வளைந்த கார்பன் துடுப்பு நாள் முழுக்க இலேசு, ஆனால் பாறையில் ஊன்றினால் முனை சிதறும். மரத்துடுப்பின் கைப்பிடியில் வார்னிஷ் இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு எண்ணெய் பூசுங்கள். கொப்புளத்துக்குக் காரணம் துடுப்பு போடுவதைவிட அந்த வார்னிஷ்தான்.

பைகள்

வாயைச் சுருட்டி மூடும், நீர் புகாத ட்ரை பேக் குறைந்தது மூன்று சுற்றாவது சுருள வேண்டும். நிறைத்துத் திணித்து ஒன்றரைச் சுற்றில் கொக்கி மாட்டினால் அது ட்ரை பேக் இல்லை, வெறும் பை. தடித்த பிவிசி பை பல பருவம் தாங்குகிறது. போவது இரண்டு இடத்தில்: சுருட்டும் மடிப்பில், பிறகு தூண்டில் முள் குத்திய ஊசித்துளையில். வருடம் ஒரு முறை உள்ளே விளக்கை வைத்து இருட்டில் பார்த்தால் துளை நட்சத்திரமாகத் தெரியும். தூங்கும் பையை ட்ரை பேக்குக்குள்ளும் தனியாகத் தடித்த பிளாஸ்டிக் உறை போட்டுத்தான் வைக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு 30 அல்லது 60 லிட்டர் நீல பேரல். மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு சோற்றுப்பருக்கை ஒட்டியிருந்தாலும் நீர் புகும், மணமும் வெளியேறும். கரடிக்கு அது பூட்டு அல்ல. தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில், அடிமரத்திலிருந்து 2 மீட்டர் தள்ளித் தொங்கவிடுங்கள், அல்லது கரடி திறக்க முடியாதென்று சான்று பெற்ற பெட்டி வாங்குங்கள். பவுண்டரி வாட்டர்ஸில் டின்னும் கண்ணாடிப் பாட்டிலும் தடை. ஒரு குழுவில் 9 பேர், 4 படகு என்பது உச்சம். எந்தக் காட்டுக்குப் போனாலும் இப்படிப்பட்ட விதிகளைச் சமையல் பட்டியல் போடுவதற்கு முன்பே படிக்க வேண்டும்.

தூண்டில்

ஆளுக்கு ஒரு ஸ்பின்னிங் கம்பு, இரண்டு துண்டு, ஆறரை அடி, நடுத்தர வலு. 2500 அளவு ரீல். இருவருக்கும் பொதுவாக ஓர் உபரிக் கம்பு. கம்பின் நுனி மீனால் முறிந்தது அபூர்வம். போர்ட்டேஜில் மரக்கிளையில் சிக்கியும், கார்க் கதவில் நசுங்கியும்தான் முறிகிறது. கரைக்கு 50 மீட்டர் இருக்கும்போதே இரையைக் கழற்றி, கம்பைப் படகின் உள்விளிம்போடு சேர்த்து, நுனி பின்பக்கம் பார்க்க, இரண்டு வெல்க்ரோ பட்டையால் கட்டிவிடுங்கள். இரையைக் கழற்றாத கம்புதான் ட்ரை பேக்கின் முதல் எதிரி.

தங்கூஸ் நரம்பு மலிவு, முடிச்சு நம்பகமாக நிற்கும். ஆனால் ரீலிலேயே ஒரு வருடம் கிடந்தால் சுருள் சுருளாக நினைவு பிடித்துக்கொள்ளும். வெயிலும் அதை நலிய வைக்கும். பருவத்துக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும். பின்னல் நரம்பு மூன்று நான்கு பருவம் வரும். நுனி நைந்ததும் தலைகீழாகத் திருப்பிச் சுற்றினால் இன்னொரு பருவம். அதற்கு அடியில் சில சுற்றுத் தங்கூஸ் போடாவிட்டால் ரீலின் மேலேயே வழுக்கிச் சுழலும், மீன் இழுக்கும்போது என்னவென்றே புரியாது. பைக் போன்ற பல்லுள்ள மீன் இருக்கும் நீரில் 20 சென்டிமீட்டர் கம்பி லீடர் வேண்டும்.

இரைப் பெட்டியைப் பாதியாக்குங்கள். 3.5 கிராமும் 7 கிராமும் ஜிக் (கனத்தலை முள்) பத்து பத்து, மென்பிளாஸ்டிக் வால்கள், நீரில் மூழ்கி ஓடும் இரை நாலு, ஸ்பூன் என்ற தகட்டு இரை மூன்று. 5 நாளைக்கு இதுவே மிச்சம் வரும். துடுப்பு வேகத்தில் பின்னால் இழுத்துப் போக மூழ்கி ஓடும் இரை அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்துகிறது. கம்பைத் தொடையின் கீழ் இடுக்கிக்கொண்டு துடுப்புப் போடுகிறவர்கள் ஒரு நல்ல மீனுக்குக் கம்பையே காணிக்கை கொடுப்பார்கள். விளிம்பில் மாட்டும் பிடிப்பானும், ஒரு சிறு கயிறும், தளர்த்திய டிராக்கும் (ரீலின் பிரேக்) வேண்டும்.

மூன்று முனை முள்ளை எடுத்துவிட்டு ஒற்றை முள் போடுவதும், முள்ளின் உள்பக்கத்தில் பின்னோக்கி நீட்டியிருக்கும் செதிலை இடுக்கியால் நசுக்கிவிடுவதும் என் உறுதியான சிபாரிசு. கனடாவின் குவெட்டிக்கோ பூங்காவில் செதில் இல்லாத முள்ளும் செயற்கை இரையும் கட்டாயம். விதி இல்லாத இடத்திலும் காரணம் எளிது: மருத்துவமனை இரண்டு நாள் தூரம், துள்ளும் மீனும் உங்கள் கையும் ஒரே முள்ளில் மாட்டலாம். நசுக்கிய முள் விரலிலிருந்து வந்த வழியே வந்துவிடும். நீள்மூக்கு இடுக்கியும், முள்ளையே வெட்டக்கூடிய கட்டரும் கயிற்றில் கட்டியே இருக்கட்டும்.

நங்கூரத்துக்கு உலோகம் சுமக்காதீர்கள். வலைப்பை ஒன்று, 6 மில்லிமீட்டர் கயிறு 15 மீட்டர், கல் அங்கேயே கிடைக்கும். கயிற்றை அணியத்திலோ பின்முனையிலோ மட்டும் கட்ட வேண்டும், இழுத்தால் அவிழும் முடிச்சாக. பக்கவாட்டில் கட்டினால் அலைக்குப் படகு குறுக்கே திரும்பும். கயிறு ஒரு விளிம்பைக் கீழே இழுக்கும், அலை மற்றதைத் தூக்கும். கவிழ்ந்து முடிந்த பிறகுதான் காரணம் விளங்கும். மீனை ஏற்றும்போது இருவரும் ஒரே பக்கம் சாயும் தவறும் இதே முடிவைத்தான் தருகிறது. ஒருவர் வலையைப் பிடித்தால் மற்றவர் அசையாமல் இருப்பதே அவர் வேலை.

பிடிக்கப்போகும் மீனை ஒரு வேளைச் சாப்பாடாகக் கணக்கில் எழுதாதீர்கள். உலர் உணவு ஆளுக்கு நாளைக்கு 700 கிராம் முழுதாக இருக்கட்டும், மீன் அதற்கு மேல். பொரிக்க 250 மில்லி எண்ணெய், திருகுமூடிப் பாட்டிலில், இரட்டை உறைக்குள். குடலையும் முள்ளையும் தங்குமிடத்துக்குப் பக்கத்தில் போட்டால் இரவில் விருந்தாளி வரும்.

மற்றவை

தண்ணீருக்குத் தொங்கவிட்டு வடியவிடும் 0.1 மைக்ரான் வடிகட்டி உட்கார்ந்து பம்ப் அடிப்பதைவிட எவ்வளவோ மேல். பழுப்பு நிற ஏரிநீரில் மெதுவாகும். தினமும் எதிர்த்திசையில் நீர் செலுத்திக் கழுவினால் மீளும். நனைந்த வடிகட்டி ஒரு முறை உறைந்துவிட்டால் உள்ளே விரிசல் விழுந்திருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது, தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். குளிர் இரவுகளில் அது தூங்கும் பைக்குள் வர வேண்டும். பழுதானால் ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

230 கிராம் எரிவாயுக் குப்பி இரண்டு பேருக்குச் சுமார் 3 நாள், மீன் பொரித்தால் 2 நாள். காற்றுத் தடுப்பைக் குப்பியையும் சேர்த்துச் சுற்றி வளைக்கக் கூடாது, குப்பி சூடாகும்.

கொசுவுக்கு டீட் என்ற பூச்சிவிரட்டி சிறப்பு, சாமானுக்கு எமன். கண்ணாடிச் சட்டம், கைக்கடிகாரப் பட்டை, துடுப்பின் வார்னிஷ், மென்பிளாஸ்டிக் இரை எல்லாவற்றையும் கரைக்கும். பிகாரிடின் என்ற இன்னொரு விரட்டி அப்படிச் செய்வதில்லை. மீன்பிடிக்கும் நாளில் அதுவே போதும்.

லைஃப் ஜாக்கெட்டை மெத்தையாக்கி உட்காராதீர்கள், நுரை அமுங்கி மிதப்பு குறையும். அதைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதற்கு மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய கணக்கு ஒன்று உண்டு. குளிர்நீரில் விழுந்தால் திணறும் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் பயன்படும் 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தவற 1 மணி நேரம். நீருக்குள் இருந்துகொண்டு ஜாக்கெட் மாட்ட இதில் எங்கே நேரம்? பெரிய ஏரியைக் காற்று எழும் முன், காலை 10 மணிக்குள் கடந்துவிடுங்கள். தாமதமானால் கரையோரமாகச் சுற்றிப் போங்கள், அல்லது மாலை வரை தேநீர் போட்டுக்கொண்டு காத்திருங்கள்.

திரும்பியதும் கூடாரத்தை இரண்டு நாள் விரித்து உலர்த்த வேண்டும். ஈரத்தோடு சுருட்டினால் பாலியூரிதேன் பூச்சு சில வருடத்தில் பிசுபிசுத்து நாற்றமெடுக்கும். அதற்கு மருந்து கிடையாது. படகைக் குப்புறக் கவிழ்த்து விளிம்புகளின் மேல் நிறுத்துங்கள். மரவிளிம்பு கொண்ட ரோயலெக்ஸ் படகு உறைகுளிரில் கிடக்கப்போகிறதென்றால் முனைகளுக்குப் பக்கத்துத் திருகுகளைத் தளர்த்திவிடுங்கள். உடல் சுருங்குமளவு மரம் சுருங்காது, திருகுக்கண்ணில் விரிசல் விழும். துடுப்புக்கும் மரவிளிம்புக்கும் ஆளிவிதை எண்ணெய் பூசிய கந்தலைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள், தானாகவே தீப்பற்றும். வெளியே கொடியில் விரித்துக் காயப் போட்டு, விறைத்த பிறகு எறியுங்கள்.