டிராக்டர் மோவர்: பெல்ட்டைக் குறை சொல்வதற்கு முன்னால் புல்லியைப் பாருங்கள்

குமரி மாவட்டம் ராஜாக்கமங்கலம் பக்கம் தென்னந்தோப்பில் புல் வெட்டுவதற்கு என் டிராக்டர் மோவர் ஓடுகிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கி சில வருஷமாகிவிட்டது. எஞ்சின் இதுவரை படுத்தவில்லை. படுத்துவதெல்லாம் எஞ்சினிலிருந்து பின்சக்கர கியர் பாக்ஸுக்குப் போகும் டிரைவ் பெல்ட்தான். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். புல்லும் ஓயாது, வண்டிக்கும் ஓய்வில்லை.

சமதளத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி, சின்ன மேடு வந்ததும் எஞ்சின் மட்டும் இரைய அப்படியே நின்றுவிடும். கூடவே கீச்சென்ற சத்தமும் ரப்பர் கருகும் வாடையும். பழைய பெல்ட் பக்கவாட்டில் கண்ணாடி மாதிரி பளபளத்துக் கிடந்தது. புதுசு போட்டும் கொஞ்ச நாளில் அதே சத்தம். கூட நிற்கும் தம்பி, “பெல்ட்ட மாத்தியாச்சுல்லா அண்ணாச்சி, பின்ன எதுக்கு கத்துது?” என்றான். நியாயமான கேள்வி.

சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் வயரையும் கழற்றிவிட்டு அடியில் பார்த்தோம். பெல்ட்டைத் தளர்த்தி, அதை ஸ்பிரிங் விசையில் இறுக்கிப் பிடிக்கும் ஐட்லர் புல்லியைக் கையால் சுற்றினால் கரகரவென்றது. பிடித்து ஆட்டினால் ஆட்டமும் இருந்தது. பேரிங் போய்விட்டது. எஞ்சின் புல்லியில் பெல்ட் உட்காரும் பள்ளமான காடிக்குள் விரலை ஓட்டியபோது உப்புத்தாள் போலச் சொரசொரப்பு, விரல் நுனியில் செந்துரு. கடற்காற்றின் வேலை. இந்தத் துருதான் புது பெல்ட்டையும் அராவித் தின்றிருக்கிறது. ஐட்லரை முழுசாக மாற்றி, காடியை எமரி தாளால் தேய்த்து, தொய்ந்துபோன ஸ்பிரிங்கையும் மாற்றிய பிறகுதான் சத்தம் நின்றது.

பெல்ட் தேய்ந்துவிட்டதா என்று பார்க்க எளிய வழி, அது காடியில் எவ்வளவு ஆழத்தில் உட்கார்கிறது என்பது. நல்ல பெல்ட்டின் மேல்பக்கம் காடியின் விளிம்பை ஒட்டி நிற்கும். உள்ளே இறங்கி அடித்தளத்தைத் தொட்டால் பிடிமானம் போச்சு. காடியின் அடி பளபளப்பதே அதற்குச் சாட்சி.

மாவு மில்லுக்குப் போடும் சாதாரண வி பெல்ட்டும் அளவில் பொருந்தும், விலையும் குறைவு. என் வண்டியை முன்பு வைத்திருந்தவர் அதைத்தான் போட்டிருந்தார். ஆனால் மோவரில் கிளட்ச் மிதிக்கும்போதெல்லாம் பெல்ட் வழுக்கிப் பிடிக்க வேண்டும், ஐட்லரில் முதுகுப்பக்கமாகவும் வளைய வேண்டும். அராமிட் என்ற உறுதியான செயற்கை நூல் வைத்த பெல்ட்டுதான் அதற்குத் தாங்கும். காசு கூடுதலானாலும் நான் அதைத்தான் வாங்குவேன். மாட்டும்போது பெல்ட், அது விலகாமல் தடுக்கும் எல்லா கைடு கம்பிகளுக்கும் உள்பக்கமாகப் போகிறதா என்று பாருங்கள். ஒன்றில் வெளியே போனாலும் உரசிக் கருகும்.

ஹைட்ரோஸ்டேடிக் வண்டி, அதாவது எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டும் வண்டி வைத்திருப்பவர்கள் எதையும் கழற்றுவதற்கு முன், தள்ளிக்கொண்டு போவதற்கான பைபாஸ் லீவர் பழைய நிலைக்கு வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அப்புறம், பெல்ட் வழுக்காமலே, சூடேறினால் மட்டும் இழுவை குறைகிறதென்றால் கோளாறு கியர் பாக்ஸில்தான்.

பிளேடுக்கான டெக் பெல்ட் தனி. தென்னந்தும்பு சுற்றிக்கொண்டால் அது கழன்று விழும். வண்டி நகராததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.