அட்டைப்பெட்டிக்கு வெளியே 'வெதர்ப்ரூஃப்', உள்ளே இருந்த காகிதத்தில் வேறு கதை

கார் நிறுத்தும் இடத்தில் வைக்க பிளாஸ்டிக் அலமாரி வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். நான் இரண்டு அலமாரிகளை வாங்கி ஏமாந்தேன். போன பணத்தைக்கூட மறந்துவிடலாம். அப்பாவின் இழைப்புளியும் ரசமட்டமும் அந்த அலமாரிக்குள் கிடந்து கெட்டுப் போனதை நினைத்தால்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

எங்கள் காரேஜுக்கு மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் ஷட்டர். பகலில் ஷட்டர் திறந்தேதான் இருக்கும். மதியத்துக்கு மேல் வெயில் நேராக உள்ளே விழும், காற்றோடு மழை வந்தால் சாரல் இரண்டடி வரை அடிக்கும். கடையில் இதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். விற்பனையாளர் அட்டைப்பெட்டியைத் திருப்பிக் காட்டினார். 'வெதர்ப்ரூஃப்' என்று பெரிய எழுத்து, பக்கத்தில் ஒரு படம், படத்தில் காருக்குப் பக்கத்தில் இதே அலமாரி. "சார், இது வெளியில வைக்கிறதுக்குன்னே செஞ்சது. மழை, வெயில் எதுவும் ஒண்ணும் பண்ணாது" என்றார். நம்பிவிட்டேன். இரும்பு அலமாரி துருப்பிடிக்கும், மரம் கரையான் அரிக்கும், அதனால் பிளாஸ்டிக்தான் சரி என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டுப் போயிருந்ததால் மேற்கொண்டு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

முதலில் தொந்தரவு கொடுத்தது கதவு. காலையில் சுலபமாக மூடும், மதியம் மூடாது. தரை சரியில்லையோ என்று அடியில் அட்டை வைத்துப் பார்த்தேன். தரையும் ஒரு காரணம்தான், ஏனென்றால் காரேஜ் தரையைத் தண்ணீர் வெளியே ஓடுவதற்காகச் சற்றே சரிவாகப் போடுவார்கள். ஆனால் பெரிய காரணம் வெயில். இந்த வகை அலமாரிகள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்யப்படுகின்றன. சூடு பட்டால் அது இரும்பைப் போலக் கிட்டத்தட்ட பத்து மடங்கு விரியும். ஆறடி உயரக் கதவு 30 டிகிரி கூடுதலாகச் சூடானால் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் நீளும். மொத்த அலமாரியும் ஒரே மாதிரி சூடானால் கதவும் சட்டமும் சேர்ந்தே விரியும், பிரச்சினை இருக்காது. ஆனால் வெயில் படுவது கதவின் வெளிப்பக்கத்தில் மட்டும்தானே? அதனால் கதவு வில் மாதிரி வளைந்து, நடுவில் வெளியே புடைத்து இடைவெளி விட்டு நின்றது.

அடுத்தது தட்டுகள். பெட்டியின் மேல் '100 கிலோ தாங்கும்' என்று போட்டிருந்தது. நடுத்தட்டில் நான்கு பெயிண்ட் டின்களும் ஒரு டூல் பாக்ஸும் வைத்தேன். நான்கு லிட்டர் டின் ஒன்று ஐந்து, ஆறு கிலோ வரும். மூன்றே வாரத்தில் தட்டு நடுவில் தொட்டில் மாதிரி தொங்கியது. எல்லாவற்றையும் இறக்கி வைத்தேன், ஒரு வாரம் ஆகியும் அது நிமிரவே இல்லை. 100 கிலோ என்பது எல்லாத் தட்டுகளும் சேர்ந்த கணக்கு என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு தட்டுக்கு 20 கிலோ, அதுவும் தட்டு முழுக்கச் சமமாகப் பரப்பி வைத்தால். நடுவில் ஒரே இடத்தில் கனத்தை வைத்தால் அந்தக் கணக்கு செல்லாது. மேலும், பிளாஸ்டிக் இன்று தாங்கும் சுமையை வருஷக்கணக்கில் அப்படியே தாங்காது. ஓயாத சுமைக்கு மெல்ல மெல்ல இழுபட்டுக்கொண்டே போகும், சூடான இடத்தில் இன்னும் வேகமாக. கடையில் கையால் அழுத்திப் பார்த்து 'கெட்டியாக இருக்கிறது' என்று திருப்திப்படுவதில் அர்த்தமில்லை. தட்டைக் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள். குறுக்கும் நெடுக்குமாக ஆழமான விலா எலும்புகள் மாதிரி வரிகள் இருக்க வேண்டும். நடுவில் ஓர் இரும்புக் குழாய் செருகும் வசதி இருந்தால் ரொம்ப நல்லது. என்னுடையதில் வரிகளின் உயரம் ஒரு விரல் தடிமன்கூட இல்லை.

இதற்கெல்லாம் பொறுத்துக்கொண்டேன். மழைதான் பொறுக்க விடவில்லை.

இரண்டு நாள் விடாத மழைக்கு அப்புறம் அலமாரியைத் திறந்தேன். அடித்தட்டின் பின்மூலையில் தண்ணீர் தேங்கி நின்றது. இழைப்புளியை ஒரு துணியில் சுற்றி அங்கேதான் வைத்திருந்தேன். துணி ஈரத்தைக் குடித்துக்கொண்டு இரும்போடு ஒட்டிக் கிடந்தது. பிரித்தபோது உளித்தகட்டின் மேல் செம்மண் நிறத்தில் துரு, துணியின் நெசவு அப்படியே அதில் பதிந்திருந்தது. ரசமட்டத்தின் மரச்சட்டம் உப்பி, கண்ணாடிக் குழாய் இருந்த இடம் விரிசல் விட்டிருந்தது. அப்பா அதைத் தினமும் வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்து வைப்பார். அவர் நாற்பது வருஷம் காப்பாற்றி வைத்ததை நான் ஒரே மழையில் விட்டுவிட்டேன்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, எரியும் டார்ச் ஒன்றை அலமாரிக்குள் வைத்துக் கதவை மூடிச் சுற்றி வந்து பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் தண்ணீர் நுழையும் இடம். என்னுடையதில் மூன்று இடங்களில் கோடு கோடாக வெளிச்சம் தெரிந்தது. இரண்டு கதவுகளும் சேரும் நடுக்கோடு ஒன்று. ஒரு கதவு இன்னொன்றின் மேல் ஏறி மூட வேண்டும், நடுவில் ரப்பர் பட்டை இருக்க வேண்டும். இங்கே இரண்டும் வெறுமனே முட்டிக்கொண்டு நின்றன. அடுத்தது பின்பலகை. அது பலகையே இல்லை, காடியில் செருகிய மெல்லிய தகடு. மழைத்தண்ணீர் சுவரில் வழிந்து அந்தக் காடிக்குள் இறங்கியிருக்கிறது. மூன்றாவது அடிப்பாகம். கால் கிடையாது, தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். காரேஜைக் கழுவிவிட்டாலே போதும், தண்ணீர் உள்ளே போய்விடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே ஈரம் இருந்தாலே மழை ஒழுகியது என்று அர்த்தமில்லை. பகலில் சூடான ஈரக்காற்று உள்ளே அடைந்து, ராத்திரி குளிரும்போது வியர்த்து நீர் கோத்துவிடும். மேற்கூரையின் உட்பக்கம் துளித்துளியாக இருந்தால் அது வியர்வை, அடிமூலையில் தேங்கினால் ஒழுகல். இந்த வித்தியாசம் முக்கியம். ஒழுகலுக்கு இடுக்கை அடைக்க வேண்டும், வியர்வைக்கு அதற்கு நேர்மாறாகக் காற்றோட்டம் வேண்டும். நான் முதலில் அவசரப்பட்டு எல்லா இடுக்கிலும் சிலிகான் பூசினேன், உள்ளே வியர்ப்பது அதிகமாகிவிட்டது. நல்ல அலமாரியில் மேலே, மழை படாதபடி குனிந்த மறைப்போடு காற்றுத் துளைகள் இருக்கும்.

சரி, புகார் செய்வோம் என்று கடைக்குப் போன் செய்தேன். தயாரிப்பாளரின் எண்ணைக் கொடுத்தார்கள். அங்கே பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். "சார், காரேஜ்ல ஷட்டர் திறந்து வச்சிருந்தா அது வெளிப்புறம் கணக்கு. இது உட்புறப் பயன்பாட்டுக்கு மட்டும். கையேட்டுல போட்டிருக்கு பாருங்க." பெட்டிக்குள் திருகாணிப் பையோடு மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கம், பொடி எழுத்து: நேரடி வெயில், மழை படும் இடத்தில் வைக்க வேண்டாம்; நிறம் மங்குதல், வளைதல், நீர் புகுதல் வாரண்டியில் சேராது. அப்படியானால் பெட்டியின் மேல் காரோடு ஏன் படம் போட்டீர்கள் என்று கேட்டேன். "படம் மாதிரிக்குத்தான் சார்" என்றார். அப்போ 'வெதர்ப்ரூஃப்' என்றால்? "ஈரப்பதம் தாங்கும்னு அர்த்தம். துருப்பிடிக்காது இல்லையா?" அலமாரி துருப்பிடிக்காதுதான். பிளாஸ்டிக் எப்படித் துருப்பிடிக்கும்? உள்ளே வைத்த பொருளைப் பற்றி அந்த வார்த்தை எதுவுமே சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றால், பெட்டியைப் பிரித்து அலமாரியைப் பொருத்திவிட்டால் எடுக்க மாட்டோம் என்றது கடை. பெட்டியைப் பிரிக்காமல் கையேட்டைப் படிக்க முடியாது, பிரித்துவிட்டால் திருப்பித் தர முடியாது. இதை அநியாயம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

ஷட்டர் பக்கம் வைத்த அலமாரி ஒரு வருஷம்கூட முழுதாக ஓடவில்லை. கதவை விரலால் தேய்த்தால் கரும்பலகை அழித்த கை மாதிரி வெள்ளைப் பொடி ஒட்டும். சூரிய ஒளியில் இருக்கும் புற ஊதாக் கதிர் பாலிப்ரொப்பிலீனின் மூலக்கூறுச் சங்கிலியை வெட்டுகிறது. அதைத் தடுக்கும் மருந்தைத் தயாரிக்கும்போதே பிளாஸ்டிக்கோடு கலந்திருக்க வேண்டும், பிறகு மேலே பூசிச் சரி செய்ய முடியாது. முதலில் நிறம் வெளுக்கும், அப்புறம் பொடி உதிரும், பிறகு கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள், கடைசியில் லேசாகத் தட்டினாலே உடையும். மேல் கீல் பிடித்திருந்த மூலை அப்படித்தான் பிஸ்கட் மாதிரி பொடிந்து, கதவு என் கையோடு வந்துவிட்டது. கீலும் தனி இரும்பில்லை, கதவோடு சேர்த்து வார்த்த பிளாஸ்டிக் முளை. அது போனால் மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை. இரும்புக் கம்பி செருகிய கீலாக இருந்தால் கம்பியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது யாராவது என்னோடு கடைக்கு வந்தால் என்ன பார்க்கச் சொல்வேன்? முதலில் அந்த 'வெதர்ப்ரூஃப்' வார்த்தையை ஓரமாக வைக்கச் சொல்வேன். அதற்கென்று யாரும் கட்டுப்பட வேண்டிய ஒரே அளவுகோல் கிடையாது. தண்ணீர் புகாமைக்கு அளவு இருக்கிறது: ஐபி என்ற இரண்டு எழுத்தும் பின்னால் இரண்டு இலக்கமும். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. இரண்டாவது இலக்கம் 4 என்றால் எல்லாப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், 5 என்றால் குழாயால் பீய்ச்சினாலும் தாங்கும். மின்சாதனப் பெட்டிகளுக்காக வந்த தரநிலை அது, வீட்டு அலமாரிகளில் பெரும்பாலும் இருக்காது. அதனால் கேள்வியை உடைத்துக் கேளுங்கள்: "சாரல் பக்கவாட்டில் அடித்தால் உள்ளே வருமா? தினமும் நான்கு மணி நேரம் நேர் வெயில் பட்டால் வாரண்டி உண்டா?" பதிலை வாயால் வாங்காதீர்கள், ரசீதின் பின்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அதுவே பதில்.

பிறகு தட்டின் அடியில், கதவின் உட்பக்கத்தில், பிளாஸ்டிக் வகையைச் சொல்லும் எண்ணோடு முக்கோண முத்திரை தேடுங்கள். 5 என்றால் பாலிப்ரொப்பிலீன், 2 என்றால் அதிஅடர்த்தி பாலிஎத்திலீன். கடுங்குளிர் உள்ள இடத்தில் 2 நல்லது, ஏனென்றால் சாதாரண பாலிப்ரொப்பிலீன் உறைநிலையை ஒட்டிய குளிரிலேயே எளிதில் உடையும் தன்மைக்கு மாற ஆரம்பித்துவிடும். எந்த எண்ணாக இருந்தாலும், புற ஊதாக் கதிர் தாங்கும் மருந்து சேர்த்தது என்று எழுத்தில் இருக்க வேண்டும், எண் மட்டும் அதைச் சொல்லாது. சுவர் ஒற்றைத் தகடா, உள்ளே காற்று அடைத்த இரட்டைச் சுவரா என்று விரலால் தட்டியும் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். இரட்டைச் சுவர் வளைவது குறைவு.

சுவரோடு இறுக்கிக் கட்டும் கொக்கி இருக்கிறதா என்று கண்டிப்பாகப் பாருங்கள். காலி பிளாஸ்டிக் அலமாரி ரொம்ப லேசு, மேல்தட்டில் கனம் வைத்து இரண்டு கதவையும் திறந்தால் முன்பக்கம் சாயும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதில் சமாதானமே கூடாது. பெட்ரோல், தின்னர் எதையும் இதற்குள் பூட்டி வைக்காதீர்கள். அவற்றின் ஆவி காற்றை விடக் கனம், அடியில் தேங்கிக் கிடக்கும், ஒரு பொறி போதும். கசிந்தால் பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும்.

பிழைத்த இன்னோர் அலமாரியை உள்சுவர் மூலைக்கு மாற்றிவிட்டேன். அடியில் இரண்டு செங்கல் உயரத்துக்கு மேடை, சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி, மழையும் வெயிலும் எட்டாத இடம். ஒரு தட்டில் 15 கிலோவுக்கு மேல் வைப்பதில்லை. அங்கே அது ஒழுங்காகத்தான் இருக்கிறது. அட்டைப்பெட்டியின் மேல் 'வீட்டுக்குள் வைக்க' என்று உண்மையை எழுதியிருந்தால் நானும் அப்படியே வாங்கி அப்படியே வைத்திருப்பேன்.

இழைப்புளியை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, உப்புத்தாளால் தேய்த்து ஓரளவு மீட்டிருக்கிறேன். தகட்டில் அந்தத் துணி நெசவின் தடம் மட்டும் போகவில்லை.

ஏற்கெனவே வாங்கி, பெட்டி இன்னும் பிரிக்காமல் வீட்டில் நிற்கிறது என்றால் டேப்பை அறுக்க வேண்டாம். அந்த மாடலின் கையேட்டை அனுப்பச் சொல்லி முதலில் தயாரிப்பாளரிடம் கேளுங்கள், கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பியுங்கள். பெட்டியின் நாலு பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். நான் பெட்டியைக் கிழித்துப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டேன். புகார் எழுதும்போது அந்தப் படத்தைக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.