துளை போட்ட பீமைப் பலப்படுத்த கார்பன் ஃபைபரா, இரும்புத் தகடா, ஜாக்கெட்டா?

கட்டும்போதே துளை தெரிந்திருந்தால் இந்த அலசலுக்கே வேலையில்லை. துளையின் இருபுறமும் சாய்வுக் கம்பி, நெருக்கமான ரிங் (நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பி), மேலும் கீழும் குட்டி ரிங் என்று வைத்து வார்த்துவிடலாம். அதற்கு ஈடாக எதுவும் வராது. சிக்கல், வார்த்து முடிந்த பீமில் குழாய்க்காகவோ காற்று போகும் டக்ட்டுக்காகவோ கோர் போடும்போது, அதாவது மெஷினால் குடைந்து துளை எடுக்கும்போதுதான்.

முதலில் துளை எங்கே என்று பாருங்கள். தாங்கிக்குத் தாங்கி உள்ள நீளத்தின் நடுவில், பீம் உயரத்தின் மத்தியில் சின்ன வட்டத் துளை என்றால் பெரும்பாலும் பெரிய பாதிப்பில்லை. தாங்கிக்குப் பக்கத்தில் வெட்டுவிசை (பீமைக் குறுக்கே அறுக்கப் பார்க்கும் விசை, ஷியர்) உச்சம். அங்கே துளை ரிங்கையும் அறுத்திருந்தால், சாய்வான விரிசல் துளையின் ஓரத்திலிருந்தே கிளம்பும். செவ்வகத் துளையின் மூலைகள் இன்னும் மோசம்.

பீமின் மேல் பசையால் ஒட்டும் கார்பன் ஃபைபர் துணிதான் இப்போது எல்லோரும் முதலில் கேட்பது. எடை இல்லை, துருப்பிடிக்காது, பீமின் அளவும் மாறாது. ஆனால் அதன் பலம் ஒட்டிய இடத்தோடு முடிந்துவிடுகிறது. ஃபைபர் அறுபடுவதற்கு முன்பே கான்கிரீட்டின் மேல்தோலோடு உரிந்து வந்துவிடும். அதனால்தான் அமெரிக்க வழிகாட்டியான ஏசிஐ 440.2ஆர், முழுதாகச் சுற்றிய இடத்தில்கூட 0.4 சதவீத நீட்சிக்கு மேல் கணக்கில் சேர்க்க விடுவதில்லை. மூன்று பக்கம் மட்டும் ஒட்டினால் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. துளை பெரிதாக இருந்தால் இங்கே ஒரு வாய்ப்பு கிடைக்கிறது: துளைக்குக் கீழே மிஞ்சும் பட்டையை துளை வழியாகவே முழுதாகச் சுற்றலாம். மேல்பட்டைக்கு அது முடியாது, ஸ்லாப் தடுக்கிறது. அங்கே ஸ்லாப்புக்கு அடியில் முடியும் ஃபைபர் முனைகளை ஆங்கர் (கான்கிரீட்டுக்குள் இறக்கிப் பிடிக்கும் பிடிப்பு) போட்டுப் பிடிக்காமல் விட்ட வேலையை நான் ஏற்கமாட்டேன். தீ இன்னொரு கவலை. ஒட்டப் பயன்படும் சாதாரண எபாக்ஸி பசை நூறு டிகிரிக்கு முன்பே இளகத் தொடங்கிவிடும்.

வெட்டுவிசைப் பகுதித் துளைக்கு என் தேர்வு, இருபக்கமும் இரும்புத் தகடு வைத்து பீமைத் துளைத்துச் செல்லும் போல்ட்டால் இறுக்குவதுதான். பசை தோற்றாலும் போல்ட் பிடித்திருக்கும். துளைக்குள் ஒரு இரும்பு வளையம் வைத்து இரண்டு தகடுகளோடும் வெல்டிங் செய்தால், வெட்டிய ஓரத்துக்கும் நேரடியாக ஆதரவு கிடைக்கும். கஷ்டமும் உண்டு: 6 மில்லிமீட்டர் தகடு சதுர மீட்டருக்கு 47 கிலோ. போல்ட் துளை கம்பியை வெட்டாமலிருக்க முதலில் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். துருவுக்கும் தீக்கும் பூச்சு தேவை. போல்ட் தூரமாக இருந்தால் மெல்லிய தகடு நடுவில் புடைத்துவிடும்.

பீமைச் சுற்றிக் கம்பி கட்டிப் புதுக் கான்கிரீட் வார்க்கும் ஜாக்கெட் பழைய வழி, தீக்குப் பயப்படாதது. ஆனால் 500 மில்லிமீட்டர் உயர பீமுக்குப் பக்கத்துக்கு 100 மில்லிமீட்டர் சேர்த்தாலே மீட்டருக்கு 250 கிலோ கூடும். பீமின் கான்கிரீட்டே சிதைந்திருந்தால் மட்டும் இதை எடுங்கள்.

எதை எடுத்தாலும் முட்டு கொடுத்து பாரத்தை இறக்கிய பிறகே வேலை தொடங்க வேண்டும்; இல்லாவிட்டால் ஏற்கெனவே இருக்கும் பாரத்தில் புதுப் பலம் பங்கெடுக்காது. தகட்டில் கூடுதல் வசதி, கோர் போடும் முன்பே அதைப் பொருத்திவிடலாம். துளை வெட்டுப்படும்போது விசை துளையைச் சுற்றிப் போக வழி தயாராக இருக்கும்.