பழைய ஸ்னோமொபைல் கிளட்ச்: பெயின்ட் அடித்ததைப் புதுப்பித்தது என்று நம்பாதீர்கள்

கனடாவின் ஒன்ராறியோவில் பழைய ஸ்னோமொபைல் (பனியில் ஓட்டும் வண்டி, ஸ்லெட் என்றும் சொல்வோம்) வைத்திருப்பவர்கள், கிளட்சைக் கழற்றி எங்காவது திருத்தக் கொடுக்கும் யோசனையில் இருந்தால், முதலில் இதை வாசித்துவிடுங்கள். கடையின் பெயரை நான் எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். அவர்கள் செய்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தாலே போதும், வேறு எந்தக் கடையில் நடந்தாலும் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

என் வண்டி 1980 ஆம் ஆண்டு ஜான் டியர் டிரெயில்ஃபயர் 340. ஜான் டியரை டிராக்டர் கம்பனி என்றுதான் பலருக்கும் தெரியும். 1972 முதல் 1984 வரையான மாடல்களில் அவர்கள் ஸ்னோமொபைலும் செய்தார்கள், அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் ஹொரிகன் என்ற ஊரில். நிறுத்தி நாற்பது வருடம் தாண்டியும் இன்னும் ஓடுகின்றன என்றால் அந்தக் கைவேலையை மெச்சத்தான் வேண்டும். எஞ்சினோடு இருப்பது காமெட் 102சி கிளட்ச். அதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. தேயும் பாகங்களைக் காலத்துக்குக் காலம் மாற்றினால் போதும்.

எது தேயும் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. எஞ்சின் தண்டின் நுனியில் முதல் கிளட்ச், அதிலிருந்து ஒரு பெல்ட், மறுமுனையில் இரண்டாவது கிளட்ச். எஞ்சின் சுற்று ஏற ஏற, முதல் கிளட்சுக்குள் இருக்கும் எடைக் கைகள் வெளிப்பக்கம் விரிந்து ரோலர்களை அழுத்தும். ஸ்பிரிங்கின் எதிர்ப்பை மீறி நகரும் தட்டு உள்ளே வந்து பெல்ட்டை நெருக்கும், பெல்ட் மேலே ஏறும். கியர் மாற்றும் வேலை முழுவதும் இப்படித்தான் நடக்கிறது. வருடக்கணக்கில் ஓடினால் ரோலர்கள் ஒரு பக்கம் தட்டையாகும். எடைக் கைகளின் புஷ்களும் (அசையும் பாகம் தேயாமல் உள்ளே போடும் சிறு வளையங்கள்) கிளட்ச் மூடியின் நடுவில் உள்ள புஷ்ஷும் ஆட்டம் காணும். இரண்டாவது கிளட்சில் சரிவுக் கேமின் மேல் சறுக்கும் நைலோன் பொத்தான்கள் தேயும். என் வண்டியில் இவ்வளவும் இருந்தன. பெல்ட் பிடிக்கும்போது வெட்டி வெட்டி இழுக்கும், மூடியைத் திறந்தால் உள்ளே கறுப்புத் தூள்.

பழைய ஸ்லெட்டுகள்தான் தங்கள் சிறப்பு என்று விளம்பரம் செய்த கடை அது. ரோலர், புஷ், பொத்தான் எல்லாம் புதிது, அதோடு பாதையில் ஓட்டுவதற்குப் பொருத்தமான ஸ்பிரிங்கும் எடைக் கைகளும் என்று எழுத்தில் மதிப்பீடு கேட்டேன். 520 டொலர் என்று எழுதித் தந்தார்கள். கொடுப்பதற்கு முன் எல்லாப் பாகங்களையும் படம் எடுத்தேன். மூடியிலும் நகரும் தட்டிலும் ஒரே நேரில் வரும்படி ஊசியால் ஒரு கீறலும் போட்டேன். கிளட்ச் முழுதாகவே சமன் செய்யப்பட்டது, திரும்பப் பூட்டும்போது ஒவ்வொரு பாகமும் பழைய இடத்தில் உட்கார வேண்டும். பழைய பாகங்களைத் திருப்பித் தரவேண்டும் என்று வாயாலும் சொன்னேன், மதிப்பீட்டுத் தாளிலும் எழுதச் சொன்னேன். எழுதினார்கள்.

திரும்பி வந்தபோது பார்க்க மிக அழகாக இருந்தது. மணல் வீசிச் சுத்தம் செய்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, மூடியில் கடையின் ஸ்டிக்கரும் ஒட்டி வண்டியில் பூட்டியிருந்தார்கள். பில் 740 டொலர். "அப்கிரேட் பாகங்கள் விலை ஏறிவிட்டது" என்றார்கள். பழைய பாகங்கள் எங்கே என்று கேட்டேன், பழைய இரும்போடு போய்விட்டதாம்.

ஓட்டிப் பார்த்தால் முன்பைவிட மோசம். முன்பு 3,500 சுற்று வாக்கில் பிடித்த பெல்ட், இப்போது 5,000 தாண்டித்தான் பிடிக்கிறது, அதுவும் முதுகில் உதைத்ததுபோல. பெல்ட் கருகும் மணம். அதைவிட என்னைப் பயமுறுத்தியது அதிர்வுதான், கைப்பிடி வரைக்கும் வந்தது. உடனே நிறுத்திவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், இந்த வண்டிகள் புதிதாக வந்த காலத்திலேயே அவற்றில் வேலை செய்தவர். அவர் என் கண்முன்னே கிளட்சைக் கழற்றினார். ரோலர்கள் என் பழைய ரோலர்களேதான், தட்டையான பக்கத்தை என் படத்தோடு ஒப்பிட்டாலே தெரிந்தது. மூடியின் புஷ் மாற்றப்படவில்லை, ஆட்டம் அப்படியே இருக்கிறது. ஸ்பிரிங் மட்டும் மாறியிருந்தது, இந்த எஞ்சினுக்குத் தேவையில்லாத இறுக்கமான ஒன்று. மூன்று எடைக் கைகளில் இரண்டில் ஒரே முத்திரை, மூன்றாவதில் வேறு. தராசில் வைத்தால் அது இலேசானது. நான் போட்ட கீறல் மணல் வீச்சிலும் அழியவில்லை, ஆனால் மூடியின் கீறல் ஒரு பக்கம், தட்டின் கீறல் இன்னொரு பக்கம். காய்ந்து இருக்கவேண்டிய ரோலர்களில் கிரீஸ் வேறு. அது சூட்டில் தெறித்துப் பெல்ட்டில் பட்டிருந்தது, பெல்ட் வழுக்கியதில் அதற்கும் பங்கு உண்டு.

அலுமினியத் தட்டின் விளிம்பில் மூன்று இடத்தில் கடித்ததுபோல் பள்ளம். இந்தக் கிளட்சைக் கழற்ற, நடுவில் திருகி உள்ளே விடும் அதற்கென்றே செய்த புல்லர், அதாவது இழுத்துக் கழற்றும் கருவி, உண்டு. அதைப் பயன்படுத்தாமல் மூன்று நகப் புல்லரை விளிம்பில் மாட்டி இழுத்திருக்கிறார்கள், தட்டு வளைந்துவிட்டது. இந்த ஒன்றைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. மாற்றாத பாகத்துக்குக் காசு வாங்குவது ஏமாற்று. நல்ல தட்டை வளைத்துப் பெயின்டால் மறைத்துக் கொடுப்பது ஓட்டுபவரின் உயிரோடு விளையாடுவது. நிமிடத்துக்கு ஆறாயிரம், ஏழாயிரம் சுற்றுச் சுற்றும் இரும்பும் அலுமினியமும் நம் காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சமன் குலைந்த கிளட்ச் உடைந்தால் துண்டுகள் காவல் தகட்டையும் கிழிக்கும். உடையாமல் ஓடினாலும் அந்த அதிர்வு எஞ்சின் தண்டின் பேரிங்கையும், காற்றுப் புகாமல் அடைக்கும் சீல் வளையத்தையும் தின்னும். சீல் கசிந்தால் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் வெளிக்காற்றை இழுக்கும், எரிபொருள் கலவை மெலியும், பிஸ்டன் சூடேறி இறுகிப்போகும். உறைந்த ஏரியின் நடுவில் அப்படி நின்றுவிட்டால் என்ன செய்வது?

கடைக்குப் படங்களோடு போனேன். "நாற்பது வருட வண்டி, இப்படித்தான் ஓடும்" என்றார் முதலாளி. வேறு எடை முத்திரையைக் காட்டியபோது, அது நான் கொடுக்கும்போதே இருந்தது என்றார். நான் கொடுக்கும் முன் எடுத்த படத்தில் மூன்றிலும் ஒரே முத்திரை. அதைக் காட்டியதும் பேச்சை மாற்றிவிட்டார்.

சட்டம் பற்றி ஒரு விஷயம், இது எனக்கும் பின்னால்தான் தெரியவந்தது. ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் கார் திருத்துவோருக்குத் தனி விதிகள் இருக்கின்றன, கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர முன்வரவேண்டும் என்பது அதில் ஒன்று. ஆனால் அவை மோட்டார் வாகனங்களுக்கானவை. நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம் பனி வண்டியை மோட்டார் வாகனம் என்ற வரையறையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே ஸ்லெட்டுக்கு அந்தப் பாதுகாப்பு தானாக வராது. பழைய பாகம் வேண்டும் என்றால் தாளில் எழுதி, இரு பக்கமும் கையெழுத்துப் போட்டு வையுங்கள். எழுதிய மதிப்பீட்டைவிட 10 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது என்ற விதியோ எல்லா நுகர்வோர் ஒப்பந்தத்துக்கும் பொது. அதைச் சுட்டிக்காட்டிக் கடிதம் எழுதிய பிறகுதான் 520-க்கு மேல் வாங்கியதை, அதாவது 220 டொலரை, திருப்பித் தந்தார்கள்.

மற்றதற்கு இன்னும் பதில் இல்லை. வேறு கடைக்குப் போகிறவர்கள், கிளட்ச் வண்டியில் ஏறுவதற்கு முன் மேசையில் வைத்துப் பார்க்கக் கேளுங்கள். ரோலரை விரலால் சுற்றிப் பாருங்கள். எடைக் கைகளின் முத்திரை மூன்றும் ஒன்றா என்று பாருங்கள். மூடியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அதற்கு மறுக்கும் கடையில் காசைக் கொடுக்காதீர்கள். என் வண்டிக்கு, ஏற்கெனவே பாவித்த 102சி ஒன்றை அந்த மெக்கானிக் தேடித் தந்திருக்கிறார், தட்டுகள் நேராக இருக்கின்றன. அதற்கு ரோலரும் புஷ்ஷும் வாங்கியாயிற்று. வளைந்த பழைய தட்டை மட்டும் ஆதாரத்துக்காகப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.