கூட்டணி அமைக்கும் செயலி: முதல் பாதி வீண், இரண்டாம் பாதி அருமை

'நீங்கள் இடதா, வலதா' என்று சோதித்துச் சொல்லும் ரகம்தான் என்று நினைத்து இறக்கினேன். முதல் பாதி அதேதான். வரி, தனியார்மயம், குடியேற்றம் என்று கேள்விகள், ஏற்கிறேன் அல்லது மறுக்கிறேன் அல்லது கருத்தில்லை, கடைசியில் கட்டத்துக்குள் ஒரு புள்ளி. எல்லாவற்றுக்கும் 'கருத்தில்லை' என்று தட்டினால் நட்டநடுவில் உட்காரவைத்து 'மையவாதி' என்கிறது. பொருளாதாரத்தில் தீவிர இடது, குடியேற்றத்தில் தீவிர வலது என்று பதில் சொன்னாலும் கிட்டத்தட்ட அதே இடம். சராசரி எடுத்தால் வேறென்ன வரும்?

இரண்டாம் பாதிதான் விஷயம். தொங்கு நாடாளுமன்றத்தைக் கையில் கொடுத்து, ஆட்சி அமை பார்ப்போம் என்கிறது. மேற்கு ஜெர்மனி 1969-ஐ ஆடிப் பாருங்கள். மொத்தம் 496 இடம், 249 வேண்டும். கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியும் அதன் பவேரியத் தோழமைக் கட்சியும் சேர்ந்து 242, சமூக ஜனநாயகக் கட்சி 224, தாராளவாதிகளான எஃப்.டி.பி. வெறும் 30. அந்த 30 பேர் சமூக ஜனநாயகக் கட்சிப் பக்கம் போனதும், முதலிடத்தில் வந்த அணி எதிர்க்கட்சி வரிசையில்! 1982-இல் அதே எஃப்.டி.பி. கூட்டணியை முறித்துக்கொண்டு வந்து கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் ஹெல்முட் கோலைச் சான்சலர் (அங்கே அரசின் தலைவர்) ஆக்கியது. மையம் என்பது மிதமான கருத்து வைத்திருப்பது மட்டுமில்லை, இரண்டு பக்கமும் நீ இல்லாமல் எண்ணிக்கையைத் தொட முடியாத இடத்தில் இருப்பது. ஆடும்போது இது தானாகப் புரிகிறது, யாரும் பாடம் எடுக்கவில்லை.

ஆனால் இஸ்ரேல் 2021-இல் செயலி திணறுகிறது. வலதுசாரி யாமினா, இடதுசாரி மெரெட்ஸ், அரபுக் கட்சியான ராஅம் மூன்றையும் சேர்த்தால் 'கொள்கை இடைவெளி அதிகம், சாத்தியமில்லை' என்று சிவப்பு விளக்கு. நிஜத்தில் எட்டுக் கட்சிகள் சேர்ந்து நாடாளுமன்ற வாக்கெடுப்பில் 60-59 என்று ஜெயித்தன, ஏழே இடம் வாங்கிய கட்சியின் தலைவர் பென்னட் பிரதமர் ஆனார். அங்கே கோடு இடது வலது என்று ஓடவில்லை, அதுவரை பிரதமராக இருந்த நெதன்யாகு வேண்டுமா வேண்டாமா என்று ஓடியது. (ஓராண்டில் கவிழ்ந்தது, அது வேறு கதை.) செயலியிடம் இருப்பது ஒரே அளவுகோல், இன்னொன்றைச் சேர்க்க வழியே இல்லை.

அப்புறம், வெளியிலிருந்து ஆதரவு என்ற வாய்ப்பே கிடையாது. டென்மார்க்கில் சிறுபான்மை அரசுகள் சர்வசாதாரணம், இதை எப்படி விட்டார்கள் என்று தெரியவில்லை. இலாகா பேரமும் ரொம்ப மேலோட்டம்.

5-க்கு 3 கொடுக்கலாம். கேள்விகளைத் தவிர்த்துவிட்டு நேராக இரண்டாம் பாதிக்குப் போங்கள்.